வீக்கம் காட்டாத குடலிறக்கம்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 38. கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை. இரண்டு வருடமாக, வயிறாரச் சாப்பிட்டால் தொப்புளுக்கு இடதுபக்கம் பிடித்து இழுக்கிறது. குப்புறப் படுத்தால் சிறிது நேரத்தில் விட்டுவிடும். வயிற்றில் ஆபரேஷன் எதுவும் செய்ததில்லை. அல்ட்ராசவுண்ட் இரண்டு தடவையும் நார்மல். இப்போது ஒரு டாக்டர், "உள்ளே ஹெர்னியா இருக்கலாம், சி.டி. எடுங்கள்" என்கிறார். வீக்கமே இல்லாமல் ஹெர்னியா வருமா?

பதில்: வரும். நாம் பார்த்துப் பழகிய குடலிறக்கத்தில் வயிற்றுச் சுவர் விலகி, குடல் தோலுக்கு அடியில் வந்து புடைக்கும். இதில் சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை. வயிற்றுக்குள்ளேயே சவ்வு மடிப்பில் ஒரு பை இருக்கும், அல்லது குடலைத் தாங்கும் சவ்வில் ஓர் ஓட்டை. சிறுகுடல் அதற்குள் நழுவிப் போய்விடும். இருமினாலும் முக்கினாலும் வெளியே ஒன்றும் தெரியாது.

இது அபூர்வம். குடல் அடைப்பு என்று வரும் 100 பேரில் அதிகம் போனால் ஐந்தாறு பேருக்குத்தான் இது காரணம். பழைய ஆபரேஷன் தழும்பால் குடல் ஒட்டிக்கொள்வதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அந்தத் தழும்பே இல்லாத ஒருவருக்கு, சாப்பிட்டதும் வலி வந்து, படுக்கும் நிலையை மாற்றினால் விடுகிறது என்றால், உங்கள் டாக்டர் சந்தேகப்பட்டது மிகச் சரி. பிறவியிலேயே அமையும் வகைகளில் ஏறக்குறைய பாதி, முன்சிறுகுடலை (இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதல் பகுதி) ஒட்டிய பையில் வருவது. அதிலும் நான்கில் மூன்று இடதுபக்கம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

அல்ட்ராசவுண்ட் நார்மல் என்பதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். குடலில் இருக்கும் காற்றை ஒலி அலை தாண்டாது. வலி விட்ட பிறகு எடுத்தால் குடலும் நழுவித் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். நரம்பு வழியாக கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் ரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மருந்து) செலுத்தி சி.டி. எடுக்க வேண்டும், முடிந்தால் வலி இருக்கும்போதே. சிறுகுடல் வளையங்கள் ஒரு பைக்குள் திணித்ததுபோல் ஒரே இடத்தில் குவிந்திருப்பதும், ரத்தக் குழாய்கள் நெருங்கி இழுபட்டிருப்பதும் அதில் தெரியும். முன்பு கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உறுதியானால் ஆபரேஷன்தான்; மாத்திரையால் ஓட்டை மூடாது. பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முடியும். குடலைப் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்து, நிறம் திரும்புகிறதா, அசைகிறதா என்று பார்த்து, பையின் வாயை மூடுவார்கள். இடதுபக்கப் பையின் விளிம்பிலேயே ஒரு பெரிய சிரை (ரத்தக் குழாய்) ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை வெட்ட முடியாது என்பதால், அவசரத்தில் செய்வதைவிட நாள் குறித்துச் செய்வது நல்லது.

அதற்குள் வலி வந்தால்? மலையில் நடக்கும் தவறு, குளிருக்கு வாயு பிடித்துவிட்டது என்று ஓம வாட்டர், சுக்குக் காபி, விளக்கெண்ணெய் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து மிக ஆபத்து. வலியோடு பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், காற்றுகூடப் பிரியாதது என்றால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள். விட்டு விட்டு வந்த வலி விடாமல் நிலைத்து, நாடி வேகமாகி, வயிறு கல்போல் இறுகினால் குடலுக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும்.

ஊட்டியா, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவையா என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சி.டி.யும் அறுவை சிகிச்சை டாக்டரும் அந்த நேரத்தில் இருக்கிறார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மலைப்பாதையில் வாந்தி வந்தால், வளைவில் தலைசுற்றியது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். எனவே வாந்தி வீட்டிலேயே தொடங்கிவிட்டதை ஆம்புலன்ஸில் இருப்பவரிடம் சொல்லுங்கள். முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரியில் காட்டினால், மலை இறங்கும் முன் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு வயிற்றைக் காலி செய்து, ட்ரிப்ஸும் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடாமல் அதுதான் காக்கும்.