வெளிநாட்டில் குடியேறும் பெற்றோருக்கு மாத்திரை எப்படிக் கிடைக்கும்? வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நான், வயது 68. அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மகன், எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வாங்கித் தந்திருக்கிறான். சித்திரைத் திருவிழா முடிந்ததும் அங்கேயே நிரந்தரமாகக் குடியேறப் போகிறோம். எனக்கு இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், சில்னிடிபின் மாத்திரைகளும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வில்டாகிளிப்டின் மாத்திரைகளும் நடந்துகொண்டிருக்கின்றன. மனைவிக்குப் பல ஆண்டுகளாகக் காலையும் இரவும் மிக்ஸ்டார்ட் இன்சுலின். ஓராண்டுக்கான மருந்தை மொத்தமாக வாங்கிச் செல்லலாமா? அது தீர்ந்த பிறகு, அண்ணாநகரில் இருக்கும் மகள் கூரியரில் அனுப்பினால் போதாதா?

பதில்: ஐயா, ஓராண்டுக்கான மருந்தை எடுத்துச் செல்ல இயலாது. சொந்தப் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ 90 நாட்களுக்குத் தேவையான அளவைத்தான் அமெரிக்காவுக்குள் கொண்டு வரலாம் என்பது அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். அவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து டப்பாக்களில் நிரப்பாமல், பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அச்சிட்ட அட்டைகளாகவே எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் கடை ரசீதும், உங்கள் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்ட கடிதமும் உடன் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. மதுரையில் எல்லோருக்கும் பழகிய ஒரு மாத்திரைப் பெயர் அங்குள்ள மருந்தாளுநருக்கு ஒன்றையும் உணர்த்தாது. மருந்தின் மூலப்பெயர் (டெல்மிசார்டன் என்பது போல), மில்லிகிராம் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த நோய்க்காக என்ற நான்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

கூரியரைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன்: அதை நம்பி இருக்காதீர்கள். சுற்றுலா விசாவில் சென்று 90 நாட்களுக்கு மேல் தங்குபவர்களுக்கு, கடவுச்சீட்டு மற்றும் விசாவின் நகல், மருத்துவர் கடிதம், மருந்துச் சீட்டு ஆகியவற்றுடன் ஊரிலிருந்து மருந்து அனுப்பிவைக்க வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் விருந்தாளியாகச் செல்லவில்லை. அந்நாட்டில் குடியிருக்கச் செல்கிறீர்கள். அங்கே வசிப்பவர் வெளிநாட்டிலிருந்து மருந்து வரவழைப்பதைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பொட்டலத்தை நிறுத்திவைக்கவும் திருப்பி அனுப்பவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அப்படி ஒரு பொட்டலம் தேங்கி நிற்கும் வாரங்களில் இரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் இருக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கையில் கொண்டு போகும் மூன்று மாத மருந்து என்பது, அங்கே ஒரு மருத்துவரைத் தேடிக்கொள்ள உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இந்திய மருத்துவர் எழுதிய சீட்டுக்கு அமெரிக்க மருந்துக் கடைகள் மருந்து தருவதில்லை. அந்நாட்டில் உரிமம் பெற்ற மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். புதிய நோயாளிக்கு முதல் சந்திப்பு கிடைக்கவே பல வாரங்கள் ஆகலாம் என்பதால், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே மகனைக் கொண்டு முன்பதிவு செய்துவிடுங்கள்.

இனி உங்கள் மாத்திரைகள். டெல்மிசார்டனும் மெட்ஃபார்மினும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். சில்னிடிபினும் வில்டாகிளிப்டினும் கிடைக்கமாட்டா. நம் ஊரில் தினந்தோறும் எழுதப்படும் இந்த இரண்டுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் இல்லை. டெனிலிகிளிப்டின், வோக்லிபோஸ், கிளிக்லசைடு ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். இவற்றுக்கு மாற்று மருந்துகள் உண்டு. வில்டாகிளிப்டினுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த சிட்டாகிளிப்டின் இரு நாடுகளிலும் விற்கப்படுகிறது. 2022-இல் இங்கே காப்புரிமை முடிந்த பிறகு அதன் விலையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. சில்னிடிபினுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அம்லோடிபின் தருவார்கள். ஆனால் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கத்தை உண்டாக்கும். அந்த வீக்கம் வந்த காரணத்தாலேயே பலருக்குச் சில்னிடிபின் தொடங்கப்பட்டிருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் மாற்றினார்களா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அதையும் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

நான் வலியுறுத்துவது இதுதான்: இந்த மாற்றங்களைப் பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதங்கள் முன்பே மதுரையிலேயே செய்துகொள்ளுங்கள். உங்கள் உடலைப் பல ஆண்டுகளாக அறிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் புதிய மருந்துக்கு எப்படி இணங்குகின்றன என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். குளிரும் புதிய உணவும் நேர மாற்றமும் சேர்ந்து குழப்பும் ஒரு நாட்டில் இறங்கிய பிறகு மருந்தையும் மாற்றினால், எதனால் எது வந்தது என்று பிரித்தறிவது எவருக்கும் கடினம்.

உங்கள் துணைவியாரின் இன்சுலினுக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. இந்தியாவில் குப்பியில் விற்கப்படும் மிக்ஸ்டார்ட் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது. அதற்கென்று சிவப்பு மூடியிட்ட 40 யூனிட் ஊசிகள் இங்கே கிடைக்கின்றன. அமெரிக்காவில் குப்பியிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி ஊசியில், அங்கே வாங்கிய இன்சுலினை வழக்கம்போல் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் ஏறுவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இங்கிருந்து கொண்டுசெல்லும் குப்பிகள் தீர்ந்த அன்றே மிஞ்சிய பழைய ஊசிகளையும் பாதுகாப்பாக அப்புறப்படுத்திவிட வேண்டும். இதைவிட நல்ல வழி, இப்போதே மருத்துவரைக் கேட்டுப் பேனா ஊசிக்கு மாறுவது. அதன் கார்ட்ரிட்ஜ் (உள்ளே பொருத்தும் மருந்துக் குழல்) இங்கேயும் 100 யூனிட்தான் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

இன்னொரு தகவலையும் துணைவியாரிடம் சொல்லி வையுங்கள். மிக்ஸ்டார்ட் என்பது விரைவாகவும் மெதுவாகவும் செயல்படும் இரண்டு இன்சுலின்களின் கலவை. இங்கே 30/70 என்று அச்சிடப்படும் கலவை அங்கே 70/30 என்று எழுதப்படுகிறது. இரண்டும் ஒரே கலவைதான். புட்டியைப் பார்த்து அவர் பதற வேண்டாம். இந்தப் பழைய வகை மனித இன்சுலின் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மருந்துச் சீட்டு இல்லாமலும் கிடைக்கிறது என்பது அவசரத்துக்கு உதவும். ஆனாலும் அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பகுதியில் போகும் பெட்டிக்குள் அது உறைந்துபோனால், பிறகு உருகிப் பழைய நிலைக்கு வந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

செலவைப் பொறுத்தவரை, 65 வயது கடந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் நீங்கள் உடனே சேர முடியாது. நிரந்தரவாசியாக ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீடுதான். சென்று சேர்ந்த 60 நாட்களுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தை வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டி அந்தத் திட்டங்களில் மறுக்க முடியாது. பயணிகளுக்கென விற்கப்படும் காப்பீட்டை வாங்கி ஏமாற வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கான வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. மெட்ஃபார்மின் போன்ற பழைய மருந்துகளை அங்குள்ள பெரிய கடைகள் சில டாலர்களுக்கே தருகின்றன. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மருத்துவ மையங்களும் உண்டு. மகன் வசிக்கும் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையுடன் தங்குவதற்காக அம்மாவை அனுப்புகிறோம். அவர் இரவில் அல்பிரசோலம் மாத்திரை போட்டால்தான் தூங்குவார். மூட்டுவலிக்கு ஒரு சித்த மருத்துவர் கொடுத்த செந்தூரமும் சாப்பிடுகிறார். மதுரையிலிருந்து நேரடி விமானம்தான் என்பதால் சிக்கல் ஏதும் வராது அல்லவா?

பதில்: விமானம் நேரடியாகச் செல்வதால் சட்டம் தளர்ந்துவிடாது. சாதாரண மருந்துகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவு வரை சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்லலாம். அல்பிரசோலம் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. அத்தகைய மருந்துகளுக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்அனுமதி பெற வேண்டும்; கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே தங்கை இணையம் வழியாக விண்ணப்பிக்கட்டும். அதற்காகப் பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். பல காலம் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். படிப்படியாகக் குறைத்து விட முடியுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். முதியவர்கள் இரவில் தடுமாறி விழுவதற்கு இந்த மாத்திரை ஒரு காரணம் என்பதால், பயணம் இல்லாவிட்டாலும் இதைக் கேட்கவே சொல்லியிருப்பேன்.

செந்தூரத்தை இங்கேயே விட்டுச் செல்வது நல்லது. செந்தூரம் போல, பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கக்கூடிய மருந்துகளுக்கு அங்கே கடுமையான வரம்புகள் உண்டு. உங்கள் அம்மாவின் சிறுநீரகத்தை நினைத்தும் இதைச் சொல்கிறேன்.

அங்குள்ள பாலிகிளினிக்குகளில் (அரசு வெளிநோயாளர் மருத்துவ மையங்களில்) மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அம்மாவுக்கு முழுக் கட்டணம் ஆகும். சர்க்கரை இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே அளவு மில்லிமோலில் சொல்லப்படும். அதை 18-ஆல் பெருக்கினால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கு வரும். 7 என்றால் 126.

கேள்வி: அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்று, கே.கே.நகரில் வந்து குடியேறியிருக்கிறேன். அங்குள்ள மருத்துவர் எழுதிய சீட்டை இங்கே காட்டி வார்ஃபரின் வாங்கலாமா?

பதில்: இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுதான் இங்கே செல்லும். கொண்டுவந்த மாத்திரை தீரும் முன்பே ஓர் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். வார்ஃபரினுக்குப் பதிலாக இங்கே பலருக்கும் அசினோகூமரால் எழுதப்படுகிறது. இரண்டும் இரத்தம் உறைவதைத் தடுப்பவை என்றாலும், இரண்டின் மில்லிகிராம் கணக்கு வேறு. மாற்றினால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் சில நாட்களிலேயே செய்து அளவைச் சரிசெய்ய வேண்டும். கடைக்காரர் 'இதுவும் அதுதான்' என்று கொடுப்பதை ஒருபோதும் வாங்காதீர்கள். மற்ற வழக்கமான மாத்திரைகளுக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களையும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களையும் அணுகலாம். மூலப்பெயரில் விற்கப்படும் மருந்துகள் அங்கே கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.