தொடர்மாடியில் இருட்டு வீடுகள்: விற்கவில்லையா, பூட்டிக் கிடக்கிறதா?

கேள்வி: வவுனியா நகரில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆறு மாடியில் 24 சொகுசு வீடுகள் கட்டி முடித்து ஒன்றரை வருடமாகிறது. இரவில் ஏழெட்டு வீட்டில்தான் வெளிச்சம். "அரைவாசி விக்கேல்லயாம்", "பாங்குக்காரர் எடுக்கப் போயினமாம்", "எல்லாம் கனடாக்காரர் வாங்கிப் பூட்டி வைச்சிருக்கினம்", "ஹொட்டேல் ஆக்கப் போறாங்களாம்" என்று அயலில் ஆளுக்கொரு கதை. தங்கைக்கு அதில் ஒரு வீடு வாங்க யோசிக்கிறோம். எது உண்மை என்று எப்படி அறிவது?

பதில்: முதலில் யன்னல் எண்ணுவதை விடுங்கள். வீடு விற்றிருப்பது வேறு, அதில் ஆள் இருப்பது வேறு. வெளிநாட்டுக் காசில் வாங்கிய வீடு பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஆடி ஆவணியில் திறக்கும், மற்ற மாதமெல்லாம் இருட்டுத்தான். மறுபக்கத்தில், விற்காத வீட்டைக் கட்டியவரே வாடகைக்கு விட்டிருப்பார், அங்கே நாள் தவறாமல் விளக்கெரியும். கீழ்த்தளத்து மீற்றர் பலகை கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். எந்த மீற்றர் ஓடுகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்த்தால் எத்தனை வீட்டில் ஆட்கள் என்பது தெரியும். உரிமையாளர் யார் என்பது அதிலும் தெரியாது.

அது தெரிகிற இடம் காணிப் பதிவகம். கூட்டாதனத் திட்டப்படம், அதாவது தொடர்மாடியை வீடு வீடாகப் பிரித்துக் காட்டும் படம், பதிவான பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஏடு திறக்கப்படும். கட்டியவரிடம் அந்த ஏட்டின் தொகுதி, ஃபோலியோ (பக்க) இலக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். "எங்கட லோயர் பார்ப்பார், உங்களுக்கு ஏன்" என்று இழுத்தால் அதுவே ஒரு பதில். இலக்கம் கையில் இருந்தால் உங்கள் சட்டத்தரணி தோம்பு (பதிவகத்து ஏடு) பார்த்து, எந்த வீடு யார் பெயரில், எதில் ஈடு நிற்கிறது என்று சொல்லிவிடுவார். நீங்கள் வாங்கும் வீட்டின் ஏட்டை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டாம், 24 ஏட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டணம் வீட்டு விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஒரு கவனம்: உடன்படிக்கை மட்டும் எழுதி, உறுதி முடிக்காத வீடுகள் இன்னும் கட்டியவர் பெயரிலேயே கிடக்கும். அந்த உடன்படிக்கை பதிவாகியிருந்தால் ஏட்டில் தெரியும். பதிவாகாமல் இருந்தால், ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் காசு கட்டிவிட்டு நிற்கிற நிலை வரலாம். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி முந்திப் பதிந்தவர் பக்கம்தான் பொதுவாகச் சட்டம் நிற்கும்.

தனி ஏடே இல்லை, காணிக்கு ஒரு ஏடுதான் இருக்கிறது என்றால் திட்டப்படம் இன்னும் பதிவாகவில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கண்ணில் அந்த வீடு இன்னும் பிறக்கவில்லை. கட்டடம் வேலையில் இருக்கும்போதே பதியும் தற்காலிகத் திட்டப்படம் என்றும் ஒன்று உண்டு. அதைக் காட்டி எல்லாம் சரி என்பார்கள், கட்டி முடிந்த கட்டடத்துக்கு அது போதாது. உள்ளூராட்சி சபையின் சி.ஓ.சி. (அங்கீகரித்த வரைபடப்படி கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ்), கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையின் சான்றிதழ், நில அளவையாளரின் இறுதித் திட்டப்படம் மூன்றையும் கேளுங்கள். கட்டி ஒன்றரை வருடமாகியும் சி.ஓ.சி. இல்லை என்றால், அங்கீகரித்த வரைபடத்துக்கு மாறாக ஏதோ கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. வழக்கமாக அது ஒரு மேலதிக மாடி, அல்லது கடையாக மாறிய வாகனத் தரிப்பிடம்.

வங்கிக் கதையை அலட்சியம் செய்யவேண்டாம். காணியை ஈடு வைத்துக் கட்டுவது வழமைதான், அதில் குற்றமில்லை. ஆனால் கடன் நின்றுபோனால் வழக்குப் போடாமலே ஏலம் விட 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே வங்கியிடமிருந்து கடிதம் வேண்டும்: இந்த இலக்க வீட்டுக்கு இவ்வளவு தொகை இந்தக் கடன் கணக்கில் விழுந்தால் ஈட்டிலிருந்து விடுவிப்போம் என்று. காசை நேரே அந்தக் கணக்குக்குக் கட்டுங்கள். விடுவிப்பு உறுதியும் உங்கள் உறுதியும் ஒரே நாளில் ஒப்பமாகட்டும். "பிறகு எடுத்துத் தாறம்" என்ற சொல்லுக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

ஹொட்டேல் கதைக்குத் திட்டப்படத்தைப் பாருங்கள், எந்த அலகு எந்தப் பயன்பாட்டுக்கு என்று அதில் இருக்கும். கட்டியவர் தன்னிடம் மிஞ்சியதை நாள் வாடகைக்கு விடுவதைத் தடுக்கவேண்டுமென்றால் வீட்டு உரிமையாளர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் துணைவிதியில் அது எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: இதேபோல ஒரு கட்டடத்தில் "இன்னும் கன வீடு இருக்கு, மாத முடிவுக்குள்ள காசு கட்டினால் விலை குறைப்பம்" என்கிறார் தரகர். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? – கிளிநொச்சி

பதில்: விற்காத வீடு எத்தனை என்பது தோம்பில் தெரிந்த பிறகு கேளுங்கள், அதற்கு முன் பேரம் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற வேலை. கட்டியவர் உறுதியில் எழுதும் விலையை இலேசில் இறக்கமாட்டார். இறக்கினால் முன்பு வாங்கியவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள், வங்கியின் மதிப்பீடும் விழும். ஆனால் விலைக்கு வெளியே நிறையக் கொடுப்பார். இரண்டாவது வாகனத் தரிப்பிடம், குசினி அலுமாரிகள், எல்லா அறைக்கும் ஏசி, முதல் வருடப் பராமரிப்புக் கட்டணம், முத்திரைத் தீர்வை, இவற்றைக் கேளுங்கள். தீர்வை சின்னத் தொகை அல்ல. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். இரண்டு கோடி ரூபா வீட்டுக்கு 7,99,000 ரூபா வரும். அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்றால் உடன்படாதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போதும் கடன் எடுக்கும்போதும் அந்தக் குறைந்த விலைதான் உங்களைத் துரத்தும். கேட்கும் விலையில் வற் வரி அடங்கியதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 18 வீதம் பிறகு வந்து சேர்ந்தால் நீங்கள் பேசிக் குறைத்ததெல்லாம் போய்விடும்.

கடைசிவரை மிஞ்சுகிற வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். உச்சி மாடியில் மேற்குப் பார்த்த வீடென்றால் வைகாசி முதல் புரட்டாதி வரை கூரைத் தட்டின் சூடு இரவு பத்து மணிக்கும் இறங்காது. பின்னேரம் மூன்றரைக்குப் போய் படுக்கையறைச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அதே வீட்டில் தண்ணீர் அமுக்கமும் குறைவு. தாங்கி மூன்று மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், அமுக்கப் பம்பு இல்லாமல் அந்த அளவில் பல சுடுநீர்க் கருவிகள் வேலை செய்யாது. ஜெனறேற்றர் அறைக்கு மேலுள்ள வீடு, லிப்ட் மோட்டருக்கு அடுத்த சுவர், குப்பை அறை வாசல், இவையும் அப்படித்தான்.

கேள்வி: கட்டியவர் கேட்பதைவிடக் குறைவாக, முதலில் வாங்கிய ஒருவர் தன் வீட்டைத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: தாராளமாக. பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற கடிதமும், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டும் கேளுங்கள். விற்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண் என்றால், உறுதி அவர் பெயரில் இருந்தாலும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. கணவர் இலண்டனில் இருக்கிறார், பிறகு வாங்கித் தருவோம் என்றால் அது வரும்வரை முற்பணம் கொடுக்கவேண்டாம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி தன் பெயரில் வாங்க விரும்புகிறார். கனேடியக் குடியுரிமை மட்டுமே உண்டு.

பதில்: காணி வாங்குவதைவிடத் தொடர்மாடி வீடு அவருக்கு இலகு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது, கூட்டாதன வீட்டுக்கு விலக்குக் கொடுக்கிறது. நிபந்தனை, முழு விலையும் உறுதி எழுதுவதற்கு முன்னரே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்கவேண்டும். உண்டியலில் வந்த காசு இதற்கு உதவாது. உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்று திறந்து அதற்கூடாக அனுப்பினால், நாளை விற்ற காசைத் திரும்பக் கொண்டுபோவதும் சிக்கலில்லை. திட்டப்படம் பதிவாகாத கட்டடத்தில் இந்த விலக்கை நம்பவேண்டாம். இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இந்தத் தடையே அவருக்குப் பொருந்தாது.

கேள்வி: நான் ஏற்கனவே ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். விற்காத வீடுகள் கூடவாம், அதனால் பராமரிப்புக் கட்டணத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். நியாயமா? – வவுனியா

பதில்: நியாயமில்லை. விற்காத வீட்டின் உரிமையாளர் கட்டியவர்தான், அந்த வீடுகளுக்குரிய பங்கை அவர் கட்டவேண்டும். எண்ணிக்கையில் பாருங்கள். கட்டடச் செலவு மாதம் 2,40,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், பங்கு சமமாயின் 24 வீட்டுக்கும் 10,000 படி. விற்ற பத்து வீட்டிடம் மட்டும் பிரித்தால் தலைக்கு 24,000. காவலாளி இரண்டு நேரமும் வேண்டும், லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், பொது விளக்கு, காப்புறுதி எல்லாம் ஆள் குறைந்தாலும் குறையாத செலவு. தண்ணீரும் குப்பையும் மட்டும்தான் ஆளுக்கேற்றபடி மாறும்.

திட்டப்படம் பதிவானதும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகிவிடும். பொதுக்கூட்டத்தைக் கூட்டி, கணக்கை வீடு வீடாகப் பிரித்துக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். கட்டியவரின் பெயருக்கு நேரே வரவு எவ்வளவு என்ற ஒரு வரிதான் முக்கியம். மழுப்பினால் பதிவுத் தபாலில் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு முறைப்பாடு. வாக்கெடுப்பு பங்குப் பெறுமதிப்படி போனால், அதிகம் வீடு கையில் வைத்திருப்பவர் கட்டியவர் என்பதை மறக்கவேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களின் பதிலாள் கடிதங்களைக் கூட்டத்துக்கு முன்பே சேர்த்துவையுங்கள். வாங்கப் போகிறவர்களும் காசு கட்டுமுன் இதே கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டடத்தின் உண்மையான நிலை யன்னலைவிட இதில்தான் எழுதியிருக்கும்.

கேள்வி: ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்த புதுவீட்டில் எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

பதில்: கதவைத் திறந்ததும் மூக்கு முதலில் வேலை செய்யட்டும். குளியலறைத் தரை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாய் நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கிறது. எங்கள் வெயிலில் அது சில கிழமைகளில் வற்றிவிடும். ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டு, மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விடுங்கள், எண்ணெய் ஆவியாவதைத் தடுக்கும். மறுநாளும் நாறினால் வளைவே வைக்கவில்லை, அல்லது குழாய் வெடித்திருக்கிறது.

அடுத்தது ஒழுக்குப் பரீட்சை. வடிகாலைத் துணியால் இறுக அடைத்து, குளியலறைத் தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணித்தியாலம் விடுங்கள். பிறகு கீழ்வீட்டு முகட்டைப் பார்க்கவேண்டும். கீழ்வீடு விற்காமல் இருந்தால் திறப்பைக் கேட்டு வாங்குவது எளிது, விற்காத கட்டடத்தில் கிடைக்கும் நல்ல வசதி இது. அதே நேரம் உங்கள் முகட்டுக்கு மேலிருக்கும் வீட்டுக் குளியலறைக்கும் இதைச் செய்யச் சொல்லுங்கள். தரை மாபிளை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டு போங்கள். பொள்ளென்று கேட்கிற இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் படமெடுங்கள். குசினி அலுமாரியின் அடிப்பலகையைக் கழற்றிக் கறையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைத் தொட்டிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள், இருக்கையின் தண்ணீரில் நிறம் வந்தால் உள்ளே இறப்பர் காய்ந்துவிட்டது. இது சின்னக் குறைதான், கட்டியவர் செலவில் மாற்றச் சொல்லலாம். யன்னல் ஒழுக்கு மாரிக்குத்தான் காட்டும். கோடையில் வாங்குகிறவர்கள் வெளியே இருந்து ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் அடித்துப் பார்க்கவேண்டும்.

தண்ணீரைக் கணக்கிட்டே தீரவேண்டும். 24 வீடு, வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு 130 லீற்றர் என்றால் நாளுக்கு 12,480 லீற்றர். இப்போது எட்டு வீட்டில்தான் ஆள் என்பதால் தண்ணீர் தாராளமாக வரும். நிலத்தடித் தொட்டியும் மேல்தாங்கியும் எத்தனை லீற்றர், குழாய்க்கிணறு மட்டுமா, குழாய்நீர் இணைப்பும் உண்டா என்று கேளுங்கள். கிணற்று நீரில் கல்சியம் கூடினால் சுடுநீர்க் கருவி முதலில் போகும், ஷவர் துளையில் வெள்ளைப் பூச்சு இருக்கிறதா என்று ஆளிருக்கும் வீட்டில் பாருங்கள்.

இவ்வளவும் எழுதி ஒப்பம் வாங்கிய பின், குறைதிருத்தும் காலம் எப்போது தொடங்குகிறது என்ற வரியைத் தேடுங்கள். "கட்டி முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம்" என்றிருந்தால் அது ஏற்கனவே முடிந்துவிட்டது. "வாங்குபவர் திறப்பைப் பெற்ற நாளிலிருந்து" என்று மாற்றவேண்டும்.

கேள்வி: எங்கள் காணியில் தொடர்மாடி கட்டி இரண்டு வீடு தருவதாக ஒருவர் வருகிறார். காணி பெர்மிட் காணி. – மாங்குளம்

பதில்: ஒப்பமிடாதீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. உறுதிக் காணிபோல அதைக் கூறு போட்டு விற்கவும் முடியாது. மீறினால் அனுமதிப்பத்திரமே பறிபோகலாம்.

கேள்வி: நாங்கள் வாங்குவதாக இல்லை, அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்து வளவு எங்களுடையது. அங்கே ஆள் நிறைந்தால் எங்கள் கிணறு என்னவாகும்?

பதில்: நல்ல கேள்வி, ஆள் குறைவாக இருக்கும் இப்போதே கேட்கவேண்டியது. மூன்றிலொரு பங்கு வீட்டில் ஆளிருந்தால் கழிவுநீரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எல்லாம் நிறைந்தால் ஊறுகுழிக்குப் போவது மூன்று மடங்கு. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகக் கேட்கும் இடைவெளி, நாடா பிடித்து அளந்து வையுங்கள். இப்போதே கிணற்று நீரில் நைத்திரேற்றும் ஈகோலியும் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். நீர்மட்டத்தையும் பங்குனியிலும் ஆவணியிலும் கயிறு விட்டு அளந்து திகதியோடு எழுதுங்கள். பின்னால் முறைப்பாடு செய்ய நேர்ந்தால், கட்டடம் நிறைவதற்கு முன்பிருந்த அளவு எது என்றுதான் முதலில் கேட்பார்கள்.