தீத்தடுப்பு போர்டு: தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்வி-பதில்

*சாட்ஸ்வொர்த் வாசகர்: ஐயா, போர்டில் 'ஏ1' என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு மணி நேரமாவது தாங்கும் என்றுதானே அர்த்தம்?*

இல்லை. ஏ1 என்பது ஐரோப்பியத் தரக் குறியீடு. போர்டு எரியாத பொருள் என்று அர்த்தம், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் தீயைத் தடுக்கும் என்பது வேறு சோதனை. இரும்புத் தகடும் எரியாது, ஆனால் சூட்டை உடனே மறுபக்கம் கடத்திவிடும்.

*ஃபீனிக்ஸ் வாசகர்: கண்ட்யூட்டை, அதாவது மின்கம்பி போகும் குழாயை, பெட்டி அடித்து மூட எத்தனை மி.மீ. போர்டு வாங்கலாம்?*

கடிதமே இவ்வளவுதான். எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், பெட்டி எவ்வளவு அகலம், நிற்கிறதா படுத்திருக்கிறதா, ஒன்றும் இல்லை. இந்தக் கேள்விக்கு உடனே ஒரு எண் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

*உம்லங்கா காண்ட்ராக்டர்: 12 மி.மீ. போர்டுக்கு இரண்டு மணி நேரம் என்று ஒரு பக்கச் சான்றிதழ் அனுப்பியிருக்கிறார்கள். முத்திரை எல்லாம் இருக்கிறது. ஆர்டர் கொடுக்கலாமா?*

கொடுக்காதீர்கள். 'இரண்டு மணி நேர போர்டு' என்று ஒரு பொருளே கிடையாது. உலையில் வைத்துச் சோதிப்பது போர்டை மட்டும் அல்ல. ஃப்ரேம், திருகாணி, அதன் இடைவெளி, இணைப்புக்குப் பின்னால் வைத்த பட்டை, உள்ளே அடைத்த ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) எல்லாம் சேர்ந்த அமைப்பு அது. இரண்டு மணி நேரம் தாங்கியது அந்த அமைப்புதான். ஒருமுறை இதே மாதிரி ஒற்றைத் தாளுக்குப் பின்னால் இருந்த முழு அறிக்கையை வரவழைத்துப் படித்தேன். சோதித்தது இருபுறமும் இரண்டிரண்டு அடுக்கு, நடுவில் ராக்வூல் வைத்த தடுப்புச் சுவர். விற்க வந்ததோ ஒற்றை அடுக்கில் கண்ட்யூட்டை மூன்று பக்கம் மூடும் பெட்டிக்கு! அந்தக் கட்டடத்தில் ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சுவருக்குச் செய்த சோதனை பெட்டிக்கு ஆகாது. குழாய், கேபிள் போகும் ஷாஃப்ட், டக்டுக்கு (மூடிய வழிகளுக்கு) இ.என். 1366-5 என்று தனி ஐரோப்பியத் தரச் சோதனை உண்டு. அதிலும் தீ வெளியே இருந்தால் ஒரு முடிவு, உள்ளே இருந்தால் வேறு முடிவு. உள்ளே எரியும் கேபிள் மாடிக்கு மாடி தீயை ஏற்றாமல் இருக்க வேண்டுமா, வெளியே தீப்பிடித்தாலும் உள்ளே கேபிள் பிழைக்க வேண்டுமா? முதலில் அதை முடிவு செய்யுங்கள். நம் நாட்டுத் தர விதியான சான்ஸ் 10177-2 அறிக்கையாக இருந்தாலும் எதை, எந்தப் பக்கத்தில் சுட்டார்கள் என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் உலை ஆயிரம் டிகிரியைத் தாண்டிவிடும். திருகாணி இடைவெளியை இரட்டிப்பாக்கினால் போர்டு வளைந்து இணைப்பு திறந்துகொள்ளும். முழு அறிக்கையைக் கேளுங்கள், வரைபடம், படங்கள், வெப்ப அளவீடு எல்லாவற்றோடும். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். தந்தால் சோதனைக்கூடத்துக்கே எழுதி அறிக்கை எண்ணைச் சரிபாருங்கள். அப்புறம் பணம் கட்டலாம்.

*லெனேஷியா வாசகர்: தீயணைப்பு பம்புக்குப் போகும் பி.வி.சி. கேபிளை இந்தப் பெட்டிக்குள் விட்டால் தீயிலும் ஓடுமா?*

நம்ப முடியாது. வெப்பத்தடுப்புச் சோதனையில் தேறிய அமைப்பிலேயே மறுபக்கச் சூடு சராசரியாக 140 டிகிரி ஏறலாம். அறைச் சூட்டோடு சேர்த்தால் 160-ஐத் தொடும். சாதாரண பி.வி.சி. கேபிள் 70 டிகிரிக்குச் செய்தது. தீயிலும் இயங்கும் கேபிளைப் போடுங்கள், இல்லையென்றால் கேபிள் இயக்கத்தையே சோதித்த இ.என். 1366-11 அறிக்கையைக் கேளுங்கள். அதையும் முழுசாக.

*ப்ளஃப் வாசகர்: மெக்னீசியம் போர்டில் கோடை மழைக் காலத்தில் நீர் துளிர்க்கிறது, திருகாணி துருப்பிடிக்கிறது. கூரை ஒழுகவில்லை.*

அது மெக்னீசியம் ஆக்ஸிகுளோரைடு போர்டாகத்தான் இருக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புநீராகக் கக்கும். டென்மார்க்கில் 2010-க்குப் பிறகு கட்டிய பல கட்டடங்களின் முகப்பில் இதையே பொருத்தி, பிறகு கழற்ற வேண்டி வந்தது. உங்கள் டர்பன் கடலோரம் அதைவிடப் புழுக்கம். அந்த நீர் உங்கள் கால்வனைஸ்டு கண்ட்யூட்டையும் அரிக்கும். கழற்றிவிடுங்கள். கடலோரத்துக்கு என் தேர்வு கால்சியம் சிலிகேட். மெக்னீசியம்தான் வேண்டுமென்றால் சல்ஃபேட் வகையைக் கேளுங்கள், குளோரைடு அளவு எழுத்தில் இருக்கட்டும்.

*டொங்காட் வாசகர்: பெட்டி அடித்த பிறகு இன்னொரு கண்ட்யூட்டுக்குத் துளை போடலாமா?*

போடலாம், ஆனால் அந்த அமைப்போடு சோதித்த சீலன்ட்டால் அடைக்க வேண்டும். டப்பாவில் வரும் சாதாரண ஃபோம் கூடவே கூடாது. கேபிள் கூடினால் மூடிய பெட்டிக்குள் சூடும் கூடும். மின்கம்பி இணைப்புக்கான சான்ஸ் 10142-1 அட்டவணையைப் பார்த்து கரண்ட் அளவைக் குறைத்துக் கணக்கிடுங்கள்.