கூரையில் ஏறி உட்கார்ந்த எடை

கேள்வி: 1/28 அளவு ரிமோட் ரேஸ் கார் வைத்திருக்கிறேன். நேர்ப்பாதையில் அம்பு மாதிரி போகிறது, வளைவில் கவிழ்ந்துவிடுகிறது. மோட்டாரை மாற்றட்டுமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மோட்டாரில் கை வைக்காதீர்கள், வேகம் கூடினால் இன்னும்தான் உருளும். பாடியைக் கழற்றிப் பாருங்கள். அழகுக்குச் செய்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடியில் ஜன்னல், விளக்கு, கெட்டிக் கூரை என்று எடையெல்லாம் உயரத்தில் போய் உட்கார்ந்திருக்கும், டயர் தரையைக் கவ்விப் பிடித்ததும் அந்த எடைதான் வண்டியைச் சாய்க்கிறது. ஜன்னல் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு மெல்லிய ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டுங்கள். கூரையை உள்பக்கமாக உப்புத்தாளால் தேயுங்கள், ஆனால் கிளிப் மாட்டும் இடத்தைத் தொடவே வேண்டாம், நான் ஒருமுறை அங்கே தேய்த்து முதல் மோதலிலேயே பாடி பறந்துபோனது. சக்கரத்தை முழுதாகத் திருப்பிப் பாருங்கள், டயர் உரசினால் பாடியில் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவை மட்டும் கொஞ்சம் வெட்டுங்கள்.

ரேஸுக்கு மட்டும்தான் என்றால் லெக்சான் (மெல்லிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்) பாடியே நல்லது, எடை ரொம்பக் குறைவு. அதற்குப் பாலிகார்பனேட் பெயின்ட்தான், அதுவும் உள்பக்கமாக, மெல்லிய பூச்சாக. அப்புறம், நம் பக்கத்துக் கடற்காற்றில் ஈரம் அதிகம், விடியற்காலையில் அடிக்காமல் வெயில் ஏறியபின் அடியுங்கள்.