கல்யாணத்துல வெச்ச பூவை கெடாம வருஷக்கணக்கா வெச்சிக்க முடியுமா?

முடியும். ஆனா கல்யாணம் ஆகி எத்தனை நாள் ஆச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே. பூ இன்னும் ஃப்ரிட்ஜ்லதான் இருக்குன்னு வெச்சிக்கறேன், இருந்தா முதல்ல போய் எடுங்க, ஓரம் கருத்துட்டா அப்புறம் எந்த வித்தையும் பலிக்காது.

நான் பண்ண கூத்தை சொல்றேன். ஏதோ வீடியோ பாத்துட்டு ரெசின் (ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகற திரவம்) வாங்கி, ரெண்டு நாள் ஃபேனுக்கு அடியில காயவெச்ச ரோஜாவை அச்சுல வெச்சு மொத்தத்தையும் ஒரே மூச்சுல ஊத்திட்டேன். தொட்டுப் பாத்தா இதழெல்லாம் மொறுமொறுன்னுதான் இருந்துச்சு, ஆனா காம்பு சேர்ற அந்த குண்டு இடத்துல ஈரம் அப்படியே இருந்திருக்கு. போதாக்குறைக்கு மொத்தமா ஊத்தினா ரெசின் இறுகும்போது சூடேறும்னு அப்பதான் தெரியும், அச்சு மேல கை வெக்க முடியல. இதழ் இடுக்குல இருந்து குமிழி குமிழியா வந்து அப்படியே உறைஞ்சு போச்சு. கொஞ்ச நாள்ல பூ பழுப்பாகி, பாக்கறவங்க எல்லாம் "உள்ள என்ன, கரப்பானா?"ன்னு கேட்டாங்க.

நல்லவேளை இன்னும் ரெண்டு பூ மிச்சம் இருந்துச்சு. இந்த தடவை ஈரத்தை உறிஞ்சற, பொடி மணல் மாதிரி இருக்கற சிலிகா ஜெல் (உருண்டை வேணாம், இதழ்ல தடம் விழும்), அதை ஸ்பூனால இதழ் இதழா தூவி பூவையே மூடி, காத்து புகாத டப்பால ஒரு வாரம். அப்புறம் ரெசினை மெல்லிசா ஒவ்வொரு அடுக்கா, நடுவுல சில மணி நேரம் விட்டு ஊத்தினேன். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுதான். சிவப்பு கொஞ்சம் கருஞ்சிவப்பாச்சு, அவ்ளோதான். வெள்ளைப் பூன்னா சந்தன கலருக்கு வந்துரும், அதுக்கு என்னை திட்டாதீங்க. வெயில் படற இடத்துல வெச்சா ரெசினும் மஞ்சளாகும்.

ரெசின் தொழில் பண்றவங்க சண்டைக்கு வராதீங்க, நான் வீட்ல பண்ணதை சொல்றேன். வாடற பூவுக்கு எதுக்கு இவ்ளோன்னு கேக்கறவங்களுக்கு, எங்க போட்டோகிராஃபர் ரெண்டு வருஷமா "எடிட்டிங் போயிட்டிருக்கு"ன்னு சொல்லிட்டிருக்காரு, ஆல்பம் இன்னும் கண்ணுல படல, முழுப் பணமும் முன்னாடியே வாங்கியாச்சு. கல்யாணம் நடந்ததுக்கு வீட்ல இருக்கற சாட்சி இந்த ரெண்டு பூதான்.

அந்த கரப்பான் கட்டியை வீட்டுக்காரர் கதவுக்கு முட்டு குடுக்க எடுத்துக்கிட்டாரு.