மட்டியை எவ்வளவு வேகவைத்தாலும் ஈயம் போகாது

மும்பை மாஹிம் கழிமுகத்தில் பொறுக்கிய மட்டியை வாரம் இரண்டு முறை சமைக்கிறீர்கள், மனைவிக்கு ஐந்தாம் மாதம். உப்புத் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு நன்றாக வேகவைத்தால் போதும் என்று அம்மா சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது தம்பி. உடனே நிறுத்திவிடுங்கள்.

அம்மா சொல்வது மண்ணுக்குச் சரி. செம்பூரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காலையில் சட்டியின் அடியைத் தடவினால் விரலில் மணல் நறநறக்கும். கொதியில் கிருமியும் சாகும். ஆனால் ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் சதைக்குள்ளேயே ஒட்டிக்கிடப்பவை. மட்டி தண்ணீரை வடிகட்டித்தான் இரை தின்கிறது, அதிலுள்ள உலோகம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மாஹிமில் வந்து கலப்பதோ ஊர்க் கழிவைச் சுமந்து வரும் மித்தி ஆறு. தாராவிப் பக்கம் அதன் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும். காட்மியம் சிறுநீரகத்தில் 10 வருடத்துக்கு மேலும் தங்கும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இரண்டையும் குடல் இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் இரும்பு மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. இதுவரை சாப்பிட்டதை நினைத்துப் பயப்படவேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள்.

மீனை விடவேண்டாம். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. ஆழ்கடலில் பிடித்ததா, கழிமுகத்தில் பிடித்ததா என்று மீன்காரம்மாவிடம் கேட்டே வாங்குங்கள். வாடிக்கைக்காரர் என்றால் உள்ளதைச் சொல்வார்கள்.