தங்கையின் முடிவும் என் மனசாட்சியும்

மதிப்பிற்குரிய அம்மா,

கருங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தினமும் தேவாலயத்தில் பூசைக்குப் போகிறவள், எங்கள் அன்பியத்தில் (பங்கு மக்களின் சிறு குழுவில்) பொறுப்பிலும் இருக்கிறேன். கருவில் இருப்பதும் உயிர்தான், அதை அழிப்பது பாவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் தங்கைக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். இளையவனுக்குப் பேச்சு சரியாக வராததால் வாரந்தோறும் நாகர்கோவிலுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாள். கணவர் மஸ்கட்டில். அவர் லீவுக்கு வந்துபோன பிறகு, காப்பர்-டி போட்டிருந்தும் உண்டாகிவிட்டாள். இரண்டு மாதம் ஆகிறது. கலைத்துவிடலாம் என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்களாம். மாமியாருக்குத் தெரியாது. “அக்கா, ஆஸ்பத்திரிக்கு நீ மட்டும் என்கூட வா, போதும்” என்கிறாள்.

பல வருடம் ஏங்கி, இரண்டு தடவை கரு கலைந்து, அப்புறம் பிள்ளை பெற்றவள் நான். அவள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் போனால் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டா? பங்குத்தந்தையிடமோ அவள் மாமியாரிடமோ சொல்லித் தடுப்பதுதான் அக்காவின் கடமையா?

(பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்)

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களை நம்பிச் சொன்ன விஷயம் அது. வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் அவள் என்ன செய்தாலும் அது அவளுடைய முடிவாக இருக்காது. பயந்துபோய்ப் பெற்றுக்கொள்வாள், இல்லையென்றால் ஒளித்து மறைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவாள்.

இதில் எனக்கு அதிகப் பயம் மாத்திரைதான். காப்பர்-டி இருக்கும்போது கரு தங்கினால், அது கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதை மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்து வலி வந்தாலும் மாத்திரையின் வேலை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள், உயிருக்கே ஆபத்து. பெற்றுக்கொள்வதானாலும் கலைப்பதானாலும் இந்த வாரமே ஸ்கேன் பார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் தாராளமாகக் கூடப் போகலாம், உங்கள் நம்பிக்கைக்கு அதில் ஒரு குறையும் வராது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1971-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. 20 வாரம் வரை, பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் தகுந்த காரணம் இருப்பதாகக் கருதினால் போதும். கருத்தடை பலிக்காமல் போனதும் அப்படி ஒரு காரணம்தான். 18 வயது நிறைந்தவளுக்குக் கணவர் கையெழுத்துகூடக் கட்டாயமில்லை. குடும்பத்தாரின் சம்மதத்தை மருத்துவர்கள் வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு, 2021 திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம். மருத்துவரே வாயைக் கட்டிக்கொள்ள வேண்டிய விஷயத்தை அக்கா மாமியாரிடம் கொண்டுபோகலாமா?

உங்கள் நம்பிக்கையை விட்டுவிடும்படி நான் சொல்லவே மாட்டேன். உங்கள் வாழ்க்கையை அதன்படி வாழ உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதே உரிமை அவளுக்கும் உண்டு. சுமக்கப்போவது அவள் உடம்பு, வளர்க்கப்போவதும் அவள்தான்.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். நீங்கள் இழந்த அந்த இரண்டு கருவையும் பற்றி யாரிடமாவது மனசுவிட்டு அழுதிருக்கிறீர்களா? நீங்கள் ஏங்கித் தவித்தது அவளுக்கு வேண்டாம் என்கிறாள். அது குத்தத்தான் செய்யும். அந்த வலியை அவளிடம் ஒரு தடவை சொல்லுங்கள், உங்கள் கருத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் அது மிரட்டலாகிவிடும். அப்போதே, தனியாக, “இது உன் முடிவா, அவர் முடிவா?” என்றும் கேளுங்கள். அவர் வற்புறுத்துகிறார் என்று தெரிந்தால், அவளுக்காகப் பேச நீங்கள்தான் நிற்க வேண்டும்.

பாவத்தில் பங்கா என்பதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. வேறு ஊர்த் தேவாலயத்தின் குருவானவர் ஒருவரிடம், அவள் யாரென்று தெரியாதபடி, உங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். என்னைக் கேட்டால், துணைக்கு நிற்பது ஒப்புதல் ஆகாது. அப்படியும் மனசு ஒப்பவில்லையா, போகாதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகளை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இளையவனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள். ஆனால் வர முடியாது என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேறு துணை தேட அவளுக்கு நேரம் வேண்டும்.